எச்சில் இலையை எடுப்பது யார்? பசுமைத் திருமணம் என்னும் சொல்லாடல் குறித்துச் சில குறிப்புகள்

'சூழலுக்கு இசைந்த திருமணம்', சுருக்கமாகப் 'பசுமைக் கல்யாணம்' என்றொரு வகைமை கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்திடம் உருவாகி நிலைபெற்றுவிட்டது. இதற்கென்றே அலங்காரக்காரர்கள் இருக்கிறார்கள், விலைப்பட்டியல் இருக்கிறது. இயற்கை வேளாண்மை, அணு உலை எதிர்ப்பு, மாற்றுக் கல்வி என்று இயங்குகிற நம் நண்பர்கள் பலரும் இப்படித்தான் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். அவர்களில் சிலர் சேர்ந்து தொகுத்துச் சுற்றுக்கு விட்ட முப்பது பக்கக் கையேடு ஒன்று என்னிடமும் வந்தது. அதைப் படித்த பிறகு எழுந்த யோசனைகள்தான் இவை.

இதைக் கிண்டல் செய்வது சுலபம். நான் அதைச் செய்யப்போவதில்லை. ஒரு பகல் கூத்துக்காகத் தெர்மகோலைச் செதுக்கி நிறுத்தி, மறுநாள் காலை அதைக் கண்மாய்க்கரையில் கொட்டுகிற ஒரு சமூகத்தில் அதற்கெதிராக யார் பேசினாலும் எனக்கு உடன்பாடே. என் கேள்வி வேறு. இந்தத் திருமணத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்தால், அது எவற்றை எண்ணுகிறது, எவற்றை எண்ணாமல் விடுகிறது?

எண்ணுவது பொருள்களை. விதைத்தாளில் அழைப்பிதழ், ஃபிளெக்ஸுக்குப் பதில் காடாத்துணியில் எழுதிய பெயர்கள், தெர்மகோலுக்குப் பதில் தென்னங்குருத்துத் தோரணமும் ஓலைக்கிளியும், பூவைச் செருகி வைக்கிற அந்தப் பச்சை ஃபோமுக்குப் பதில் மண்சட்டியும் ஈர மணலும், நைலான் நூலுக்குப் பதில் வாழைநார், பாட்டில் தண்ணீருக்குப் பதில் பானை, தாம்பூலத்துக்கு மஞ்சப்பை. (அந்த ஃபோமும் ஒரு பிளாஸ்டிக்தான், உதிர்ந்து பொடியாகி மண்ணிலேயே கிடக்கும் என்பதை அலங்காரக்காரர்களே பலர் அறியமாட்டார்கள். கையேடு அதைச் சொல்கிறது, நல்லது.) இந்தப் பட்டியலில் கணிசமான பகுதி சட்டம் ஏற்கனவே கேட்டதுதான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவற்றில் பந்தி மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும், தாம்பூலப் பையாக ஊரெங்கும் புழங்கிய நெய்யாத துணிப்பையும் உண்டு. 2022 ஜூலை 1ல் வந்த நாடு தழுவிய தடை அலங்காரத் தெர்மகோலையும், அழைப்பிதழைச் சுற்றுகிற மெல்லிய பிளாஸ்டிக் உறையையும் பெயர் சொல்லியே விலக்கியது. ஆக, பசுமைக் கல்யாணத்தின் ஒரு பாதி சட்டத்துக்குக் கீழ்ப்படிதல். அதைப் புரட்சி என்று அழைப்பிதழில் போட்டுக்கொள்வது கொஞ்சம் அதிகம்.

மீதிப் பாதியில் சில வேடிக்கைகளும் இருக்கின்றன. விருந்தினருக்குத் தருகிற மரக்கன்று கறுப்புப் பாலிதீன் பையில்தான் வருகிறது. ஐந்நூறு கன்று, ஐந்நூறு பை. அதில் எத்தனை மண்ணுக்குப் போகும், எத்தனை மண்டப வாசலிலேயே வாடும் என்பதைக் கல்யாணத்துக்கு மறுநாள் அந்தப் பக்கம் போனவர்கள் அறிவார்கள். இன்னொரு பக்கம், திண்டுக்கல்லில் ஒரு மேடை அலங்காரக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது: "சார், பிளாஸ்டிக் பூ, பிளாஸ்டிக் பூன்னு திட்டுறீங்க. இந்தச் செட்டு நாப்பது கல்யாணம் பாத்திருச்சு. கழுவிக் காயப்போட்டு எடுத்து வைக்கிறேன். நீங்க கேக்கிற ஜெர்பரா பெங்களூர்ல இருந்து ஏசி வண்டில வந்து ஒரே ராத்திரில செத்துப்போவுது. எது குப்பை?" நான் அவர் கட்சி இல்லை. ஆனால் கையேட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

பூவுக்கு வருவோம். பிரச்சினையின் அடர்த்தி இங்கேதான் இருக்கிறது.

கையேடு 'உள்ளூர்ப் பூ, பருவப் பூ' என்கிறது. தமிழ் படித்தவனுக்கு இதைக் கேட்டதும் திணை நினைவுக்கு வராமல் போகாது. முல்லை, குறிஞ்சி என்று பூவின் பெயர் ஒரு நிலத்தோடும் பொழுதோடும் சேர்ந்தே நின்றது. சந்தை இரண்டையும் கழற்றிவிட்டது. ஓசூர்ப் பசுமைக்குடிலின் ரோஜாவுக்கு மாசியும் ஒன்று, ஆவணியும் ஒன்று. தாய்லாந்து ஆர்க்கிட்டுக்கு நிலம் என்பதே விமான நிலையம். ஆகவே பருவத்துக்குத் திரும்பு என்கிற கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் திரும்புவதில் ஒரு சிக்கல். நம் முகூர்த்த நாள்காட்டியும் பூவின் நாள்காட்டியும் ஒத்துப்போவதில்லை. தை பிறந்தால் கல்யாணம். அதே மார்கழி, தை பனியில்தான் மல்லிகை மொட்டு சிறுத்து, வரத்து விழுந்து, மதுரை மாட்டுத்தாவணியில் கிலோ ஆயிரங்களைத் தொடுகிறது. 2013ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி நிச்சயமாக உள்ளூர்ப் பூ. தை மாதத்தில் அது பருவப் பூ ஆகாது. அந்த மாதத்தில் சம்பங்கியும் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் மருக்கொழுந்தும் போதும் என்று எந்தப் பெண் வீட்டிலாவது சொல்லிப் பாருங்கள். மல்லி இல்லாத மணப்பெண்ணா என்பார்கள். பசுமை அங்கேயே முடிந்துவிடும்.

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் ஒன்றில் பூ எடுக்கிற பெண்களோடு ஒரு காலை இருந்தேன். மொட்டு விரிவதற்குள் எடுத்துச் சந்தைக்கு அனுப்பிவிட வேண்டும். ஆகவே விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். கூலி எடுக்கிற எடைக்கு. மொட்டுக்குள் துளைத்துத் தின்கிற புழு மல்லிகைக்குப் பெரிய சத்துரு, அதற்காக மருந்து அடித்துக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது. "நேத்து சாயங்காலம் அடிச்சது, இன்னைக்கு விடியக்காலம் எடுக்கிறோம். கை அரிக்கும், கண்ணு எரியும். முகூர்த்தம் வந்தா லீவு கிடையாது" என்றார் ஒரு அக்கா. அப்புறம் சிரித்துக்கொண்டே, "நான் பூ வச்சு ஒம்பது வருசம் ஆச்சு தம்பி" என்றார். கணவர் இறந்து ஒன்பது வருடம். 'நிலைத்த பூ', 'அறமான பூ' என்று மொழிபெயர்த்துக்கொண்டு வருகிற சொல்லாடலில், பூ எடுத்தும் பூ வைக்க முடியாத இந்தப் பெண் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்? கையேட்டின் பூக்கள் பற்றிய ஆறு பக்கத்தில் 'மருந்து' என்ற சொல் விருந்தினரின் ஒவ்வாமை குறித்து ஒருமுறை வருகிறது. எடுப்பவர் குறித்து வரவில்லை.

திணையைச் சூழலியலாகப் படித்த தொண்ணூறுகளின் நண்பர்களுக்கும் இதைச் சொல்லத் தோன்றுகிறது. ஐந்திணை ஒழுக்கத்துக்கு உரியவர் யார் என்ற இடத்தில் அடியோரையும் வினைவலரையும் தொல்காப்பியம் ஐந்திணைக்குப் புறத்தே, கைக்கிளை பெருந்திணைப் பக்கம் ஒதுக்கியதாகவே பழைய உரையாசிரியர்கள் பொருள் கண்டார்கள். பூவும் நிலமும் பொழுதும் சேர்ந்த அந்த அழகிய ஒழுங்கில் வேலைசெய்பவருக்கு இடம் ஓரத்தில்தான். பசுமைக் கல்யாணம் திணையிடமிருந்து அழகை மட்டும் பெறவில்லை, இந்த ஒதுக்கலையும் சேர்த்தே பெற்றிருக்கிறது.

கையேட்டின் முன்னுரை 'ஆதித் தமிழரின் இயற்கைத் திருமணம்' என்று அகநானூற்றின் 86ஆம் பாட்டைச் சாட்சிக்கு அழைக்கிறது. நல்ல சாட்சிதான். உழுந்து கலந்த களி, வரிசையாகக் கால் நட்ட பந்தல், கொண்டுவந்து கொட்டிய மணல், விளக்கு, மாலை. தீ வளர்த்தல் இல்லை, புரோகிதன் இல்லை. பின்னால் வருகிற சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்தில் பார்ப்பான் வழிகாட்டத் தீவலம் வருவதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் துலக்கமாகத் தெரியும். திராவிட இயக்கத்தார் இந்தப் பாட்டை மேடையில் எத்தனையோ முறை பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் அதே பாட்டில், பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டுவது யார்? ஆண்மகவைப் பெற்ற, அணியணிந்த பெண்கள் நான்கு பேர். மணல் பரப்பிய அந்தப் பந்தலுக்கும் ஒரு வாசல் இருந்தது, அதில் சிலர் நுழைய முடியாது. கைம்பெண்ணுக்கும் பிள்ளையில்லாதவளுக்கும் பெண்பிள்ளை மட்டும் பெற்றவளுக்கும் அங்கே கைவைக்க அனுமதியில்லை. இயற்கையானது என்பதாலேயே ஒன்று விடுதலையானதாக ஆகிவிடாது என்று இனியும் எழுதவேண்டியிருப்பது அலுப்பாகத்தான் இருக்கிறது.

இனி ஓர் அனுபவம். நண்பர் ஒருவருக்கு இரண்டு வருடம் முன்பு தை மாதம் கல்யாணம். கையேட்டை அப்படியே பின்பற்றுவது என்று முடிவு. திட்டமிடும் கூட்டங்களில் நானும் இருந்தேன். மண்டபம் வேண்டாம், வீட்டுமுன் கீற்றுப் பந்தல் என்றார்கள். அவருடைய அம்மா சரி என்றார். மேடைக்குச் செவ்வந்தியும் மாவிலையும் மட்டும் என்றார்கள். சரி. அரிசிமாக் கோலம், பானைத் தண்ணீர், துணிப்பை, பேனர் கிடையாது. எல்லாவற்றுக்கும் சரி. 'எங்க காலத்துல இப்படித்தாம்ப்பா' என்று ஒருவகையில் மகிழ்ச்சியாகவே இருந்தார். கடைசிக் கூட்டத்தில் நண்பர் ஒன்று சொன்னார்: பந்தி முடிந்ததும் இலையை எடுக்க ஆள் வைக்க வேண்டாம், நானும் என் தோழர்களும் எடுக்கிறோம், உரக்குழிக்கும் நாங்களே கொண்டுபோகிறோம்.

வீடு அமைதியாகிவிட்டது. அம்மா என்னைப் பார்த்துத்தான் பேசினார். "ஏன் தம்பி, நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா? மாப்பிள்ளை எச்சி இலை எடுத்தா பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க? சொந்தக்காரன் ஒருத்தன் பந்தில உக்காருவானா? அதுக்குன்னு ஆளு இருக்காங்கல்ல." மூன்று நாள் பேச்சு நடந்தது. முடிவில் வழக்கமாக வருகிறவர்களே வந்து எடுத்தார்கள், கூலி கொஞ்சம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. பிளாஸ்டிக்கைக் கைவிட ஒரு பேச்சும் பேசாத வீடு, இலையை விட்டுத்தரவில்லை. அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை. எது கனமானது என்று எங்களைவிட அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. 'அதுக்குன்னு ஆளு' என்று அவர் சொன்னது ஒரு சாதியை என்பதும் அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

வாழையிலை மக்கும், மாடு தின்னும், ஆகவே அது தூய்மையானது என்று பசுமைச் சொல்லாடல் சொல்கிறது. சாதிச் சமூகத்தின் அகராதியில் உண்டு முடித்த இலைதான் அசுத்தத்தின் உச்சம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடினால் மூன்று வேலைநாள் முன்னதாக உள்ளாட்சிக்குச் சொல்லவேண்டும், குப்பையைத் தரம் பிரிக்கும் பொறுப்பும் நடத்துபவருடையது என்றன. தரம் பிரிப்பது நடத்துபவர் பொறுப்பு என்று சட்டம் எழுதியபோதும், பிரித்த கை யாருடையது என்பதில் எந்த மாற்றமும் வரவில்லை. பாக்குமட்டைத் தட்டுக்கும் மந்தாரைத் தையல் இலைக்கும் இதே கதைதான். தைத்துக் கொடுத்த பெண்ணும், எடுத்துப் போட்ட பெண்ணும் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

இந்த இடத்தில் சுயமரியாதைத் திருமணத்தை நினைக்காமல் இருக்கமுடியாது. 1928ல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் தொடங்கியது. சிக்கனம் அதன் முக்கியமான வாதங்களில் ஒன்று. கல்யாணக் கடன் ஒரு குடும்பத்தைப் பல வருடம் அடிமைப்படுத்துவதைப் பெரியார் சலிக்காமல் பேசினார். இரண்டு மாலை, ஒரு உறுதிமொழி. பொருள்களை எண்ணினால் இதைவிடப் பசுமையான திருமணம் கிடையாது. ஆனால் அங்கே பொருளைக் குறைத்தது உறவை மாற்றுவதற்காக. புரோகிதனை விலக்கினார்கள், கைம்பெண்ணை மேடையேற்றினார்கள், சாதி தாண்டினார்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள்: 1953ல் சென்னை உயர்நீதிமன்றம் இப்படியான திருமணம் செல்லாது என்றது, பதினைந்து வருடம் கழித்து 1968ல்தான் 7ஏ பிரிவு நடைமுறைக்கு வந்து பழைய திருமணங்களுக்கும் சேர்த்து உயிர் கொடுத்தது. அந்த மேடைக்கு அப்புறம் நேர்ந்ததை நாம் பார்த்தோம். கட்சித் திருமணங்கள் கட்-அவுட் திருமணங்களாயின. 1995 செப்டம்பரில் சென்னையில் அப்போதைய முதலமைச்சரின் வளர்ப்பு மகன் திருமணம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் அப்போதைய ஆளுங்கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்த பேனர் சரிந்து, இருசக்கர வண்டியில் போன இளம்பெண் ஒருவர் தண்ணீர் லாரியில் அடிபட்டு இறந்தார். ஆகவே ஃபிளெக்ஸ் வேண்டாம் என்கிற கையேட்டின் வரி சும்மா எழுதிய வரி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எளிமைக்கும் ஒரு வர்க்கம் இருக்கிறது. ஐம்பது பேரை அழைத்து, கீற்றுப் பந்தலில், செவ்வந்தி மாலையோடு ஒரு பேராசிரியர் மகள் கல்யாணம் செய்தால் அது கொள்கை. அதையே ஒரு சித்தாளின் மகள் செய்தால், 'பிச்சைக்காரக் கல்யாணம்' என்று ஊர் சொல்லும், அவள் ஆயுள் முழுக்கப் புகுந்த வீட்டில் அதைக் கேட்பாள். ஊரார் தன்னை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதற்கு எதிரான ஒரு நாள் கலகமாகத்தான் பல ஏழை வீடுகளில் மைக்செட்டும் சீரியல் லைட்டும் எரிகின்றன. இதைப் புரிந்துகொள்ளாமல் அவர்களிடம் போய் விதைத்தாள் பற்றிப் பேசுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தங்கத்தைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை என்பது இன்னும் விசித்திரம். பூவைக் கணக்கிட்டார்கள், காகிதத்தைக் கணக்கிட்டார்கள், கழுத்தில் கிடப்பதை விட்டுவிட்டார்கள். கோலார் தங்கவயல் தமிழர்களுக்குத் தொலைவான இடமில்லை. 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கியதிலிருந்து 2001ல் சுரங்கம் மூடப்பட்டது வரை அங்கே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு பக்கமிருந்து போன தலித் மக்கள். தூசு ஏறி இற்றுப்போன நுரையீரலோடு மேலே வந்தவர்கள். தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு ஊற்றிக் கழித்த மண் மேடுமேடாக இன்னும் அங்கே நிற்கிறது, காற்றடித்தால் அந்தப் பொடி குடியிருப்புக்குள் வருகிறது. ஒரு திருமணத்தின் சூழல் எடை என்று ஒன்று இருந்தால் அதன் பெரும்பகுதி பந்தலிலும் இலையிலும் இல்லை, இந்த மேட்டில் கிடக்கிறது. அரசே இதில் கூட்டு. தேவதாசி முறையை எதிர்த்த சுயமரியாதைக்காரர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989ல் வந்த திருமண உதவித் திட்டத்தில், 2011ல் தாலிக்கு நான்கு கிராம் தங்கம் சேர்ந்தது, 2016ல் எட்டு கிராமானது. 2022ல் அதைக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டமாக மாற்றினார்கள். சூழல் நோக்கில் யோசித்துச் செய்ததல்ல, என்றாலும் எந்த மஞ்சப்பையைவிடவும் பெரிய பசுமை நடவடிக்கையாக எனக்கு இது படுகிறது. நம் பசுமை நண்பர்கள் யாரும் இதைப் பற்றி எழுதியதாக நான் பார்க்கவில்லை. வரதட்சணையை ஒழித்தால் தங்கம் குறையும் என்கிற நேர்க்கோடு அவர்கள் கண்ணில் படாமல் போனது எப்படி?

தமிழ்நாட்டில் உண்மையாகவே குப்பையில்லாத திருமணம் ஒன்று தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஓடிவந்த இரண்டு பேர், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்க்கடையில் வாங்கிய இரண்டு மாலை, ஒரு மஞ்சள் கயிறு, சாட்சிக்கு நண்பர்கள் மூன்று பேர், அப்புறம் டீயும் பன்னும். பந்தல் இல்லை, பேனர் இல்லை, தங்கம் இல்லை. இதை யாரும் பசுமைத் திருமணம் என்று படம் பிடித்துப் போடுவதில்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் வெட்டப்பட்ட இளைஞர், எல்லா எதிர்ப்புக்கும் இடையில் இப்படிச் சாதி தாண்டி மணந்துகொண்டவர்களில் ஒருவர். 2014ல் சென்னை உயர்நீதிமன்றம், வக்கீல் அலுவலகங்களில் ரகசியமாக நடக்கிற திருமணம் செல்லாது என்று சொல்லியிருந்தது. 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அதை மறுத்தது. 7ஏ பிரிவின்படி மணந்துகொள்ள ஊரறிய அறிவிக்கவேண்டிய கட்டாயம் இல்லை, குடும்ப எதிர்ப்பும் உயிர்ப் பயமும் உள்ளவர்களிடம் அதைக் கேட்பது அவர்களை ஆபத்தில் தள்ளுவது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

கையேட்டின் ஒவ்வொரு வரியும் விருந்தினரை முன்னிட்டு எழுதப்பட்டிருக்கிறது: அவர் உண்ணும் இலை, அவர் எடுத்துப்போகும் கன்று, அவர் பார்க்கும் மேடை. விருந்தினரே வரமுடியாத, வந்தால் அரிவாளோடு வரக்கூடிய திருமணத்துக்கு அதில் இடமில்லை. அடுத்த பதிப்பில் பூ எடுப்பவர் கூலி, இலை எடுப்பவர் யார், தங்கம் எவ்வளவு என்று மூன்று தலைப்பும், ஓடிவருகிற இருவருக்கு 7ஏ பற்றி இரண்டு பக்கமும் சேர்க்கச் சொல்லி அதைத் தொகுத்த நண்பர்களுக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இதே பக்கங்களில் அதை வெளியிடக் கேட்டுக்கொள்வேன்.